கட்டணமில்லாத பியானோ அரங்கு

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் உள்ள குந்தாரப்பள்ளியைச் சுற்றுவட்டாரத்தார் அதன் வெள்ளிக்கிழமைச் சந்தையைக் கொண்டே அறிவர். ஆடும் மாடும் கைமாறும் அச்சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும். அங்கிருந்து பெங்களூர் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். அந்நகரத்தில், கடல் கடந்து வந்த பியானோக் கலைஞர் ஒருவர் இன்ன நாள் மாலையில் வாசிக்கிறார், அனுமதி இலவசம், அனைவரும் வருக என்னும் அறிவிப்பு அவ்வப்போது வெளிவருவதுண்டு. நம் பக்கத்து மாணவர் சிலர் அதனைப் படிக்கவும் செய்கின்றனர். படித்துவிட்டு, "இஃது நமக்கானதன்று" என்று தாளைத் திருப்பிவிடுகின்றனர்.

அவ்வாறு திருப்புவதற்குக் காரணம் கேட்டால் இரண்டு விடைகள் வரும். ஒன்று, அந்த இசை நமக்குப் புரியாது என்பது. மற்றொன்று, வாய்விட்டுச் சொல்லப்படாதது: விலையில்லாமல் தருகின்ற பொருளுக்கு என்ன மதிப்பு இருந்துவிடப் போகிறது என்னும் எண்ணம். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை கண்டால் முதலாவது தானே இளகும்.

காசு கொடாமல் இசை கேட்பது நமக்குப் புதிய வழக்கமன்று. திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரக்காரர் நான்கு வீதியிலும் நின்று நின்று வாசிப்பார். வீட்டுத் திண்ணையில் இருப்பவனும், வண்டியை நிறுத்திவிட்டு நிற்பவனும், கடைக்காரனும் அதனைக் கேட்பர். சீட்டுக் கிழித்து உள்ளே விடும் சபைகள் பட்டணங்களில் பின்னர்த் தோன்றியவை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோவில்களின் முன்பு இரவெல்லாம் நடைபெறும் பாரதக் கூத்தை எண்ணிப் பாருங்கள். அதற்கு நுழைவுச் சீட்டு ஏது? ஆயினும் அந்தக் கூத்து ஒருவருக்கும் செலவு வைக்காமல் நடந்துவிடுவதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் வரி போட்டுத் திரட்டுகின்றனர். கூத்தாடிகளுக்குச் சோறும் கூலியும் விளக்கெண்ணெயும் அதிலிருந்து போகின்றன. கேட்பவன் வாசலில் கொடுக்கவில்லை. வேறொருவர், அல்லது எல்லோருமாகச் சேர்ந்து, முன்னமே கொடுத்துவிட்டனர். பியானோ அரங்கின் இலவசமும் இவ்வகையினதே. அங்கே முன்னமே கொடுக்கப்படும் தொகை மிகப் பெரியது என்பதுதான் வேறுபாடு. அதன் காரணம் அந்தக் கருவியிலேயே இருக்கிறது.

நம் வித்துவான் கச்சேரிக்கு வரும்போது தம் வீணையையோ புல்லாங்குழலையோ கையோடு கொண்டு வருகிறார். பல ஆண்டுகளாகப் பழகிய கருவி. அதன் குணமும் குறையும் அவருக்குத் தெரியும். பியானோக் கலைஞர் வெறுங்கையுடன் வருகிறார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் எந்தப் பியானோ இருக்கிறதோ அதில்தான் அவர் வாசித்தாக வேண்டும். காலையில் அறிமுகமான கருவியோடு மாலையில் ஆயிரம் பேர் முன்னிலையில் அவர் பேச வேண்டும். தம் சொந்தப் பியானோவையே ஊர் ஊராக ஏற்றிச் சென்ற கலைஞர் சிலர் உண்டு. அது மிகச் சிலருக்கே இயன்ற காரியம். ஏனெனில் பெரிய அரங்குகளில் வைக்கப்படும் பியானோ ஒன்பது அடி நீளமும் ஏறத்தாழ 480 கிலோ எடையும் உடையது.

இவ்வளவு எடை எதற்கு? கருப்பும் வெள்ளையுமாக 88 கட்டைகள் வரிசையாக உள்ளன. அவற்றிற்கு உரிய எஃகுக் கம்பிகள் ஏறத்தாழ 230. உச்ச ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியிலும் ஒரே சுரத்துக்கு மும்மூன்று கம்பிகள். கீழே இறங்க இறங்க இரண்டாகவும் ஒன்றாகவும் குறைந்து, செப்புச் சுற்றிய தடித்த கம்பிகளாக முடியும். இவை அனைத்தையும் முறுக்கேற்றிக் கட்டியிருக்கும் இழுவிசையைக் கூட்டினால் ஏறத்தாழ 20 டன் வரும். அந்த இழுப்பைத் தாங்க மரத்தால் இயலாது. ஆகவே உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் அடியில் மெல்லிய தேவதாரு இனப் பலகை. வீணைக்குக் குடம் எதுவோ, பியானோவுக்கு அந்த ஒலிப்பலகை அது. கம்பியின் அதிர்வை வாங்கிக் காற்றில் பரப்புவது அதன் வேலை. ஒலிபெருக்கி இல்லாமலே பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் ஓசை கேட்பது அந்தப் பலகையினால்தான்.

ஒசூரிலே கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலையும் மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைகளும் உள்ளன. நுட்பமான சிறு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்குவதன் அருமையை அப்பக்கத்து மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பியானோவும் அவ்வகைப் பொறிதான். அதன் உறுப்புகளைப் பிரித்து எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். கட்டையை விரல் அழுத்தும்போது, அதன் மறுமுனை ஒரு நெம்புகோல் தொகுதியைத் தூக்க, கம்பளி அமுக்கிச் செய்த தலையுடைய சிறு சுத்தியல் ஒன்று கம்பியை நோக்கி எறியப்படுகிறது. எறியப்படுகிறது என்னும் சொல்லைக் கவனியுங்கள். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியலுக்கும் விரலுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப் போகிறது. அது தன் வேகத்தில் சென்று அடித்து, உடனே திரும்பி விழுகிறது. விரல் கட்டையை அழுத்தியபடியே இருந்தாலும் சுத்தியல் கம்பியின்மேல் ஒட்டிக்கொண்டு ஒலியை அமுக்குவதில்லை. கட்டையிலிருந்து விரலை எடுத்தவுடன் கம்பளித் துண்டு ஒன்று கம்பியின்மேல் படிந்து ஒலியை நிறுத்துகிறது. காலடியில் உள்ள மிதியை அழுத்தினால் அந்தத் துண்டுகள் எல்லாம் ஒருங்கே எழும்பிக் கொள்ள, ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து நிற்கும்.

இந்த அமைப்பைக் கண்டவர் பார்த்தலோமேயோ கிறிஸ்டோஃபோரி என்னும் இத்தாலியர். பிளாரன்ஸ் நகரத்து மெதிச்சி அரச குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பேணி வந்தவர். 1700ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற பட்டியல் ஒன்றில் அவர் செய்த கருவி இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் புழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒரே அளவு ஓசைதான் எழும். அது கம்பியை மீட்டும் கருவி. கிறிஸ்டோஃபோரியின் கருவியில் விரலின் வேகத்திற்கேற்ப ஒலி மெலிந்தும் வலுத்தும் வந்தது. மென்மை என்று பொருள்படும் 'பியானோ', வன்மை என்று பொருள்படும் 'ஃபோர்ட்டே' ஆகிய இரண்டு இத்தாலியச் சொற்களும் சேர்ந்து அதன் பெயராயின. காலப்போக்கில் வன்மை உதிர்ந்து மென்மை மட்டும் பெயரில் எஞ்சியது. அவர் 1720இல் செய்த பியானோ ஒன்று நியூயார்க்கு நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

கட்டைக் கருவி என்றவுடன் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கண்ட ஆர்மோனியப் பெட்டி உங்கள் நினைவுக்கு வரலாம். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது காற்றால் ஒலிப்பது. சுரத்தை நீட்டிப் பிடிக்க அதனால் இயலும். பியானோவின் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள ஒலி அவற்றில் இல்லை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து அந்தப் பன்னிரண்டிலேயே நிற்கும் கருவிகள் அவை. கமகம் என்னும் அசைவே நம் இராகத்தின் உயிர் என்றால், அதனை அவற்றில் எங்ஙனம் காட்டுவது? இக்காரணத்தைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களில் தடுத்து வைத்திருந்தது. வானொலிப் பேச்சிலேயே இதனைச் சொல்வது சற்று வேடிக்கைதான். ஆயினும் நடந்தது அதுவே. நம் காலத்தில் அனில் ஸ்ரீநிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் சேர்ந்து, கமகத்தைக் குரலுக்கு விட்டுவிட்டுப் பியானோவை அதன் இயல்பிலேயே துணை நிறுத்தி வாசித்து வருகிறார். கருவியின் குறையை ஒப்புக்கொண்டு பயன்படுத்தும் அந்த வழி எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். பியானோ ஓர் அரங்கிற்கு வந்துவிட்டால் போதாது. ஈரக்காற்றில் மரம் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும்; சுருதி கலையும். நம் நாட்டின் கடற்கரைப் பட்டணங்களில் மழைக்காலத்து ஈரம் ஒருபுறம், நிகழ்ச்சி நடக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் குளிர்சாதனம் மறுபுறம். வெப்பத்தைக்கூட அது பொறுக்கும். மாறி மாறி வரும் நிலையைப் பொறுக்காது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் சுருதி கூட்டுபவர் வந்து 230 கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்துகிறார். இடைவேளையில் மீண்டும் ஒருமுறை வந்து பார்ப்பதும் உண்டு. அவர் பெயர் அறிவிப்பில் வராது. சென்னையில் 1842ஆம் ஆண்டு முதல் இருந்து வரும் மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகள் கருவி விற்பதோடு, இவ்வகைக் கைத்தொழிலும் இந்நாட்டில் அற்றுப்போகாமல் காத்தன. நல்ல பியானோ, அதனைப் பேணும் ஆள், எதிரொலி கெடாத மண்டபம், கலைஞரின் விமானச் சீட்டு, தங்கும் இடம் ஆகிய இவற்றிற்கெல்லாம் பணம் கொடுத்த பிறகே, "அனுமதி இலவசம்" என்னும் இரண்டு சொற்களை அச்சிட முடிகிறது. கொடுப்பவர் வெளிநாட்டுப் பண்பாட்டு நிலையமாக இருக்கலாம்; இசைப் பள்ளியாக இருக்கலாம்; கலையன்பர் ஒருவராக இருக்கலாம். பல வேளைகளில் கலைஞரும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்கிறார்.

கலைஞர் விட்டுக்கொடுக்கும் இந்த வழக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. ஒருவர் தனியாக மேடையில் அமர்ந்து மாலை முழுவதும் பியானோ வாசிப்பது என்னும் முறையையே நாட்டிவைத்தவர் ஹங்கேரி நாட்டு ஃபிரான்ஸ் லிஸ்ட். அதற்கு முன்பு பாட்டு, வயலின், வாத்தியக் குழு என்று பலதும் கலந்தே நிகழ்ச்சிகள் அமைந்தன. 1840ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் அவர் தந்த நிகழ்ச்சியின் விளம்பரத்தில்தான் இத்தகைய தனியரங்கிற்குரிய ஆங்கிலப் பெயர் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தன்யூப் ஆற்று வெள்ளத்தில் ஹங்கேரி மக்கள் வீடிழந்தபோது, அவர் வியன்னாவுக்கு விரைந்து நிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டித் தந்தார். முதுமையில் வைமார் நகரத்தில் தம்மிடம் வந்த மாணவரிடம் காசு வாங்காமலே கற்பித்தார்.

ஆயினும் மாணவர்களாகிய உங்களுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது அன்டன் ரூபின்ஸ்டைன் என்னும் ருஷ்யக் கலைஞரைப் பற்றியது. ருஷ்யாவின் முதல் இசைக் கல்லூரியைப் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் 1862இல் நிறுவியவர் அவர். தம் 56ஆம் வயதில், 1885 - 86ஆம் ஆண்டுப் பருவத்தில், ஐரோப்பாவின் பெருநகரங்கள்தோறும் சென்று ஏழேழு நிகழ்ச்சிகள் கொண்ட தொடர் ஒன்றை வாசித்தார். பியானோ தோன்றுவதற்கு முந்திய பழைய ஆசிரியர்களில் தொடங்கித் தம் காலத்து ருஷ்யர்கள் வரை, அந்த இசையின் வரலாற்றையே ஏழு மாலைகளில் விரித்துக் காட்டும் தொடர் அது. இரண்டாம் மாலையில் பீத்தோவனின் சொனாட்டாக்கள் மட்டும் எட்டு. ஒரு சொனாட்டாவே இருபது நிமிடம் செல்லும் என்றால், அந்த ஒரு மாலையின் உழைப்பை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அத்தனையும் மனப்பாடமாக வாசித்தார்.

பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் அவர் இன்னொன்று செய்தார். மாலையில் கட்டணம் கொடுத்தவர்களுக்கு வாசித்த முழு நிகழ்ச்சியையும், மறுநாட் காலையில், மாணவர்களுக்காகக் கட்டணமின்றித் திரும்ப வாசித்தார். சுருக்கி வாசிக்கவில்லை, எளிய உருப்படிகளைப் பொறுக்கி எடுக்கவும் இல்லை. இரவு எட்டு சொனாட்டாக்கள் என்றால் காலையிலும் எட்டு. களைத்த விரல்களோடு அந்த மனிதர் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் முன்பு மீண்டும் போய் அமர்ந்திருக்கிறார்.

அச்சிறுவர்களுள் ஒருவன் பெயர் செர்கேய் ரஹ்மானினோவ். 1873இல் பிறந்தவன், மாஸ்கோ இசைக் கல்லூரி மாணவன், ஸ்வெரெவ் என்னும் ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் படித்து வந்தான். அந்த ஆசிரியர் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டணம் பெறாதவர். கண்டிப்பில் மட்டும் குறை வைக்காதவர். 1886இன் தொடக்கத்தில் ரூபின்ஸ்டைன் மாஸ்கோவில் வாசித்தபோது, மாலை நிகழ்ச்சிக்கும் மறுநாட் காலை நிகழ்ச்சிக்கும் தம் பிள்ளைகளை அவர் அழைத்துச் சென்றார். ஒரே இசையை ஒரே கலைஞர் கையால் இரண்டு முறை கேட்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் உலகின் முதல்வரிசைப் பியானோக் கலைஞருள் ஒருவராகப் பெயர்பெற்ற பின்பும் ரஹ்மானினோவ் அந்த நாட்களை மறக்கவில்லை. ரூபின்ஸ்டைன் ஒரு நாள், பலகிரேவ் இயற்றிய மிகக் கடினமான உருப்படி ஒன்றின் நடுவே நினைவு தப்பிவிட்டதையும், வாசிப்பை நிறுத்தாமல் அதே பாணியில் தாமாகவே இட்டுக்கட்டி வாசித்துக்கொண்டே போய்ப் பல நிமிடங்களுக்குப் பின்பு வழியைப் பிடித்துக்கொண்டதையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இசைத்தட்டோ வானொலியோ இல்லாத காலம். அந்த நிகழ்ச்சிகளில் அமர்ந்திருந்திராவிட்டால் அச்சிறுவனுக்கு ரூபின்ஸ்டைன் வெறும் பெயராகவே இருந்திருப்பார். மாணவர்களுக்கு வாசித்த அந்த நிகழ்ச்சிகளின் மதிப்பு மாலை நிகழ்ச்சிகளைக் காட்டிலும் ஒரு மாற்றுக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கதை எதிர்பாராத ஒரு வழியாக நம் பக்கத்திற்கே வந்து சேர்கிறது. ரஹ்மானினோவின் நெருங்கிய நண்பர் நிகோலாய் மெட்னர். இருவரும் தம் பியானோ இசை நூல்களை ஒருவருக்கொருவர் காணிக்கையாக்கியவர்கள். ருஷ்யாவை விட்டு வெளியேறி இறுதியில் லண்டனில் குடியேறிய மெட்னர், இரண்டாம் உலகப் போருக்குப் பின்பு வறுமையிலும் நோயிலும் இருந்தபோது அவருக்குக் கைகொடுத்தவர் மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார். உடையார் இளமையில் பியானோக் கலைஞராகவே ஆக விரும்பியவர். 1940இல் அரியணை ஏற வேண்டி வந்ததால் அந்த ஆசை கைகூடவில்லை. கருநாடக இசையில் 94 கீர்த்தனைகளை இயற்றியவரும் அவரே. அவருடைய பொருளுதவியால் மெட்னர் தம் படைப்புகளைத் தம் கையாலேயே வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிந்தார், 1951இல் மறைந்தார். தம் மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மன்னருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். 1792 வரை கிருஷ்ணகிரியும் மைசூர் ஆட்சியில் இருந்த பகுதி என்பதையும், உடையாரே 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டால், ருஷ்யப் பியானோ இசைக்கும் நமக்கும் உள்ள தொலைவு சற்றுக் குறைந்ததாகத் தோன்றும். லண்டனுக்குச் சென்ற அந்தப் பணம் எங்கே விளைந்தது என்று வரலாற்று மாணவர் ஒருவர் கேட்டால், அது கேட்கத்தக்க கேள்விதான்.

மன்னர்கள் இல்லாத இடத்தில் மக்கள் என்ன செய்தனர் என்பதற்கும் ஒரு சான்று தருகிறேன். 1939இல் போர் மூண்டவுடன் லண்டனில் இரவு விளக்குகள் அணைக்கப்பட்டு, இசை மண்டபங்கள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்தின் படங்களெல்லாம் பாதுகாப்பிற்காக வெளியூர் சென்றுவிட, வெற்றுச் சுவர்கள் நின்றன. மைரா ஹெஸ் என்னும் பியானோக் கலைஞர் அந்தக் கூடத்தில் நண்பகல் உணவு வேளையில் இசை நடத்த அனுமதி பெற்று, அக்டோபர் 10ஆம் நாள் தாமே முதலில் வாசித்தார். ஐம்பது பேர் வந்தாலும் போதும் என்று இருந்தவர் முன்பு ஆயிரம் பேர் திரண்டனர். 1946 ஏப்ரல் வரை, குண்டு விழுந்த நாட்களிலும், திங்கள் முதல் வெள்ளி வரை 1,698 நிகழ்ச்சிகள் நடந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். கட்டணம் ஒரு ஷில்லிங். இலவசமன்று, ஆயினும் எளியவரும் தரக்கூடிய தொகை. ஹெஸ் அம்மையார் தமக்கென்று எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. அவர் பெயரால் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் 1977இல் தொடங்கிய புதன்கிழமை நண்பகல் நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. அங்குள்ள வானொலி நிலையம் ஒன்று அவற்றை நேரடியாகவே ஒலிபரப்பி வந்தது. நம் சென்னை வானொலியிலும் ஹாண்டல் மானுவல் போன்றோர் மேனாட்டிசையைப் பல ஆண்டுகள் நேயர்களுக்கு அறிமுகம் செய்ததுண்டு. கேட்பவன் வாசலில் காசு கொடாத அரங்குகளுள் வானொலியே பெரியது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு!

அப்படியானால் அந்தப் பியானோ குந்தாரப்பள்ளிக்கே வரக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வரக்கூடாதென்பதில்லை. லண்டனில் பியானோ சீர்செய்து வந்த முதியவர் ஒருவர், நூறாண்டுப் பழமையான பியானோ ஒன்றை இமயமலைச் சாரலில் லடாக்கின் லிங்ஷெட் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தார். சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் ஆட்களும் விலங்குகளும் அதனைச் சுமந்து சென்றதை 2018இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று காட்டுகிறது. நெடுஞ்சாலைமேல் உள்ள ஊருக்கு ஒரு பியானோ வருவது அதைவிடக் கடினமான காரியமன்று. பள்ளி மண்டபமும், மூன்று நாள் முன்னதாக ஏற்பாடும், தலைக்கட்டு வரி போல ஊர்கூடி ஏற்கும் செலவும் இருந்தால் நடக்கும். கூத்துக்கு அவ்வாறு திரட்டும் ஊர்கள், என்றேனும் ஒரு முறை இதற்கும் திரட்டினால் தவறில்லை. அது நடக்கும் வரை நாம்தான் பியானோவிடம் போக வேண்டும். பெங்களூரில் 1987இல் தொடங்கிய பெங்களூர் இசைப்பள்ளி போன்ற நிலையங்கள் பிறநாட்டுக் கலைஞரை வரவழைத்து நிகழ்ச்சி நடத்துகின்றன. சென்னையிலும் இசைப் பள்ளிகளும் பண்பாட்டு நிலையங்களும் அவ்வாறே செய்கின்றன. எல்லாமே இலவசமல்ல; அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போகிறவர்களுக்கு அங்குள்ள நடைமுறை பற்றிச் சில சொற்கள். நம் கச்சேரியில் தொடையில் தாளம் போடலாம். நல்ல பிடி விழுந்தால் "பலே" என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் வித்துவானுக்கே வருத்தமாக இருக்கும். பியானோ அரங்கில் மூச்சுவிடும் ஓசையும் கேட்காதபடி அமர்ந்திருப்பர். இதனைக் கர்வம் என்று எண்ண வேண்டாம். ஒலிபெருக்கி இல்லை; பியானோவின் மிக மெல்லிய ஒலியும் இசையின் பகுதி; ஒரு தொலைபேசி மணி அதனை அழித்துவிடும். ஒரு சொனாட்டாவில் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும்; பகுதிக்கும் பகுதிக்கும் இடையில் கைதட்டாமல், முழுவதும் முடிந்தபின் தட்டுவது இன்றைய வழக்கம். முன்பு இப்படி இல்லை. 1778இல் பாரிஸ் நகரத்தார் தம் சிம்பொனியின் நடுவிலேயே கைதட்டியதை மோட்சார்ட் மகிழ்ச்சியோடு தந்தைக்கு எழுதியிருக்கிறார். ஆகவே நீங்கள் தவறிப்போய் நடுவில் தட்டிவிட்டால் மோட்சார்ட் உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐயமாக இருந்தால் கலைஞர் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்து எழுந்திருக்கும் வரை பொறுத்திருங்கள்.

புரியுமா என்னும் முதற்கேள்விக்கு ஓர் உருப்படியைக் கொண்டே விடை சொல்லலாம். பீத்தோவன் 1801இல் இயற்றிய சொனாட்டா ஒன்றை 'நிலவொளி' என்று உலகம் அழைக்கிறது. பெயர் அவர் இட்டதன்று, அவர் மறைவுக்குப் பின்பு வழங்கியது. ரூபின்ஸ்டைன் வாசித்த எட்டில் அதுவும் ஒன்று. அதன் முதற்பகுதியில் மும்மூன்று சுரங்களாக ஓர் ஓட்டம் முதலிலிருந்து கடைசி வரை விடாமல் செல்கிறது. நம் திஸ்ர நடையை அறிந்தவன் அதனை உடனே பிடித்துக்கொள்வான். இடக்கை கீழே ஆழமான சுரங்களை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. மேலே வலக்கையின் ஓரத்து விரல் மட்டும் ஒரு சிறு பாட்டைப் பாடுகிறது. ஆக ஒருவரே மூவர் வேலையைச் செய்கிறார்: பாட்டு, நடை, சுருதிக்கடியில் நகரும் அடித்தளம். நம் இசை ஒரே கோட்டில் வளைந்து வளைந்து செல்வது. இது பல கோடுகள் ஒரே நேரத்தில் அடுக்காகச் செல்வது. முதன்முறை கேட்பவர் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். அடுத்த முறை இடக்கையைக் கேட்கலாம். இரண்டாம் பகுதி சிறியது, இலேசானது. மூன்றாம் பகுதியில் அதே மனிதர் புயலாக மாறிவிடுவார். அதற்கு விளக்கமே வேண்டியதில்லை.

இலவச நிகழ்ச்சிகளில் இருக்கை முன்பதிவு பெரும்பாலும் இராது. முன்னால் வருபவருக்கு முன்னிடம். தாமதமாக வந்தால் ஓர் உருப்படி முடியும் வரை வெளியிலேயே நிறுத்திவிடுவர். ஆகவே அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். வாசலில் தரும் தாளில் உருப்படிகளின் பெயர் வரிசையாக இருக்கும். உள்ளே சென்றதும் மண்டபத்தின் இடப்பக்கத்தில் இடம் பாருங்கள். பியானோவின் கட்டைகள் அந்தப் பக்கமாகத்தான் அமைந்திருக்கும். வாசிப்பவரின் இரண்டு கைகளையும் அங்கிருந்து நன்றாகக் காணலாம்.